நினிவேயிலிருந்து தொடங்குங்கள்: தேவனின் நீடிய பொறுமையையும் மனந்திரும்புதலையும் வேதத்தில் படிக்க ஒரு வழி

எங்கள் சபையின் வேதபாடக் குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி முதல் நாளே கேட்டான்: "அண்ணே, தப்பு பண்றவன்லாம் நல்லாத்தானே இருக்கான்? இதுக்குப் பேர் பொறுமையா, இல்ல கண்டுக்காம விடுறதா?" பிரசங்கிமார் சொல்லும் பதில்கள் எனக்கும் தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றை ஒப்பிக்க வாய் வரவில்லை. "யோனாவைப் படிச்சுட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்றேன். அதன்பின் அவனோடும், அவனைப் போல் வந்த வேறு சிலரோடும் படித்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும், பிறந்தும் வேதத்தைத் தானாகத் திறந்து பார்க்காதவர்களுக்கும் இது உதவும்.

ஒரு தமிழ் வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஏழெட்டு மாலைகள். இவ்வளவு போதும். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும். கத்தோலிக்கர் வீட்டில் திருவிவிலியம் இருக்கும். எது கையில் இருக்கிறதோ அதையே எடுங்கள். நான் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களைத் தருகிறேன். அதில் 'யாத்திராகமம்' என்பது திருவிவிலியத்தில் 'விடுதலைப் பயணம்'. 'மனந்திரும்புங்கள்' என்பது அங்கே 'மனம் மாறுங்கள்'. யோனா 3:10 என்றால் யோனா புத்தகம், 3ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் முன்பக்க அட்டவணையைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யோனாவைத் தேடிப் பக்கம் புரட்டும் மூப்பர்களை நானே பார்த்திருக்கிறேன்.

1. யோனாவை ஒரே மூச்சில் வாசியுங்கள்

4 அதிகாரம், 48 வசனம். சத்தமாக வாசித்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஞாயிறு பள்ளியில் கேட்ட மீன் கதையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மொத்தப் புத்தகத்தில் மீனுக்குக் கிடைத்திருப்பது மூன்றே வசனம்தான். இது நடந்த வரலாறா, போதனைக்காக எழுதப்பட்ட கதையா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நம் படிப்புக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கிழக்கே நினிவேக்குப் போ என்று தேவன் சொல்ல, யோனா மேற்கே தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறான். ஏன்? முதல் அதிகாரத்தில் காரணம் கிடையாது. பயந்துவிட்டான் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம். உண்மைக் காரணத்தை 4:2இல் அவனே வாய்விட்டுச் சொல்கிறான்: நீர் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறான். தேவன் மன்னித்துவிடுவாரே என்பதுதான் அவனுடைய பயம். இந்த வசனத்தின் கீழ் அழுத்தமாக ஒரு கோடு போடுங்கள்.

யோனாவைத் திட்டுவதற்குமுன் நினிவே யாருடைய ஊர் என்று பாருங்கள். இன்றைய ஈராக்கின் மோசுல் நகரத்தை ஒட்டிக் கிடக்கும் இடிபாடுகள்தான் அது. அசீரியப் பேரரசின் பெரிய நகரம். யோனாவின் சொந்த நாடான வட இஸ்ரவேலை கி.மு. 722 வாக்கில் அழித்தது அந்தப் பேரரசே. நினிவே அரண்மனையின் சுவரில் இருந்த, யூதா நாட்டின் லாகீஸ் நகர முற்றுகைச் சிற்பங்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிடிபட்டவர்களைக் கழுவில் ஏற்றுவதையும் தோலுரிப்பதையும் அவற்றில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் பெருமையாக. அப்படிப்பட்டவர்களுக்கு மன்னிப்பா என்று யோனாவுக்கு வயிறு எரிகிறது. அந்தத் தம்பி கேட்ட கேள்வியும் இதுதான்.

இனி 4ஆம் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். ஊருக்கு வெளியே ஒரு குடிசை போட்டு, என்ன நடக்கிறது பார்ப்போம் என்று யோனா உட்கார்ந்திருக்கிறான். தலைக்குமேல் ஒரு செடி முளைத்து நிழல் தருகிறது. தமிழ் வேதாகமம் அதை ஆமணக்குச் செடி என்கிறது. கொல்லையில் ஆமணக்கு முளைத்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: யாரும் விதைத்திருக்க மாட்டார்கள், தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், கண்மூடித் திறப்பதற்குள் உள்ளங்கையைவிட அகலமான இலைகளோடு ஆளுயரம் நிற்கும். மறுநாள் விடியலில் ஒரு பூச்சி அரிக்க, செடி காய்ந்துவிடுகிறது. வெயில் உச்சியில் இறங்குகிறது. செத்தால் தேவலை என்கிறான் யோனா. செடிக்காக நீ எரிச்சலாய் இருப்பது நல்லதோ என்று தேவன் கேட்க, சாகுமட்டும் எரிச்சலாய் இருப்பேன், அது நல்லதுதான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

இங்கே நிறுத்துங்கள். நினிவே 3ஆம் அதிகாரத்திலேயே தன் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பிவிட்டது. 4ஆம் அதிகாரத்தில் தேவன் பொறுமையாய் இருப்பது யாரிடம்? முரண்டு பிடிக்கும் தம்முடைய தீர்க்கதரிசியிடம். பூகம்பம் இல்லை, இடி இல்லை. ஒரு செடி, ஒரு பூச்சி, மூன்று கேள்விகள். நீடிய பொறுமை எப்படியிருக்கும் என்று காட்ட வேதத்தில் இதைவிட நெருக்கமான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

2. 'நீடிய சாந்தம்' என்ற சொல்லைத் துரத்திப் போங்கள்

யோனா 4:2இல் சொல்வது அவனுடைய சொந்த வார்த்தை இல்லை, மேற்கோள். மூலம் யாத்திராகமம் 34:6. அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துப் படிக்காதீர்கள், 32ஆம் அதிகாரத்திலிருந்து வாருங்கள். மோசே மலையிலிருந்து இறங்கத் தாமதிக்கிறான், ஜனங்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிறார்கள், கற்பலகைகள் உடைகின்றன. திரும்ப இரண்டாவது ஜோடிப் பலகையோடு மோசே மலையேறும்போதுதான், தாம் இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று தேவன் தம்மைப் பற்றிச் சொல்கிறார். உடன்படிக்கை உடைந்த சூட்டில் சொன்ன வார்த்தை அது.

'நீடிய சாந்தம்' என்பதற்கு எபிரேயத்தில் இருப்பது 'எரெக் அப்பாயிம்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீண்ட மூக்கு'. எபிரேயர்களுக்குக் கோபம் மூக்கில் சூடேறும். மூக்கு நீளமாய் இருந்தால் சூடேற நேரம் பிடிக்கும். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். சட்டென்று கோபப்படுகிறவனை 'மூக்குக்கு மேல கோபம்' என்று சொல்கிறவர்கள்தானே நாம். தேவனுக்கும் கோபம் உண்டு, ஆனால் அது மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே அந்தச் சொல்லின் படம். திருவிவிலியம் இதையே 'சினம் கொள்ளத் தயங்குபவர்' என்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பும் இருந்தால் நல்லது என்பது இதற்காகத்தான்.

இதே வாக்கியம் பழைய ஏற்பாட்டில் பல இடங்களில் எதிரொலிக்கிறது: எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13. ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, யார், எந்தச் சமயத்தில் சொல்கிறார் என்று பக்கத்தில் குறியுங்கள். 'நீடிய பொறுமை' என்று சில இடங்களில் வரும். குழம்ப வேண்டாம், ஒரே சொல்தான்.

3. நாகூமையும் விட்டுவிடாதீர்கள்

புதியவர்களுக்கான வழிகாட்டிகள் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. அது தப்பு என்பது என் எண்ணம். யோனாவுக்கு அடுத்தது மீகா, அதற்கடுத்தது நாகூம். மூன்றே அதிகாரம். பேசுவது அதே நினிவேயைப் பற்றி. 1:3இல் அதே 'நீடிய சாந்தம்' வருகிறது; ஆனால் கூடவே, ஆக்கினையில்லாமல் தப்புவிக்கமாட்டார் என்ற வார்த்தையும் வருகிறது. இதுவும் மேற்கோள்தான்: யாத்திராகமம் 34:7, அதாவது யோனா சொல்லாமல் விட்ட அடுத்த வரி.

நினிவே கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து தாக்கியதில் விழுந்தது. மறுபடி எழவில்லை. ஆக, கண்டுகொள்ளாமல் விடுவதும் பொறுமையும் ஒன்றில்லை. அவகாசத்துக்கு ஒரு மறுகரை உண்டு. நான் அந்தத் தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப யோனா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றான்.

4. 'மனந்திரும்புதல்' என்றால் என்ன என்று பாருங்கள்

எபிரேயத்தில் இதற்கு 'ஷூப்': திரும்பி வருதல். வழி தப்பி நடந்தவன் நின்று, பின்னால் திரும்பி நடப்பது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மெத்தனோயா': மனம் மாறுதல், வேறு விதமாய் நினைக்கத் தொடங்குதல். தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மனம், திரும்புதல். கிரேக்கத்தின் மனமும் எபிரேயத்தின் திரும்புதலும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, நமக்கு லாபம்.

இதில் கண்ணீரைப் பற்றி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டங்களில் அழுதவர்கள்தான் மனந்திரும்பினவர்கள் என்று ஒரு கணக்கு நம்மிடையே ஓடுகிறது. நினிவே மக்கள் துக்கத்துக்கு அடையாளமாக இரட்டு, அதாவது முரட்டுச் சாக்குத்துணி உடுத்தினார்கள், உபவாசம் இருந்தார்கள், மாடுகளுக்கும்கூட இரட்டுப் போர்த்தினார்கள். ஆனால் 3:10இல் தேவன் எதைப் பார்த்தார்? அவர்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பினார்கள் என்று அவர்களுடைய கிரியைகளைப் பார்த்தார். இரட்டையும் உபவாசத்தையும் பார்த்தார் என்று எழுதவில்லையே என்று பழைய யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான மிஷ்னா சுட்டிக்காட்டுகிறது. அதன் விரிவுரையான தல்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது: நினிவேயில் ஒருவன் ஓர் உத்திரத்தைத் திருடித் தன் மாளிகையில் வைத்துக் கட்டியிருந்தால், மாளிகை முழுவதையும் இடித்து அந்த உத்திரத்தைச் சொந்தக்காரனிடம் கொடுத்தானாம். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும் உத்திரத்தை உருவுவது என்றால் என்னவென்று.

இனி இரண்டு பேரை அருகருகே வையுங்கள். மத்தேயு 27:3–5இல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாஸ்: மனஸ்தாபப்படுகிறான், 30 வெள்ளிக்காசைத் திருப்பி எறிகிறான், பாவம் செய்தேன் என்று அறிக்கையும் செய்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் அவன் போனது அவனை விலைக்கு வாங்கியவர்களிடம். எங்களுக்கென்ன, அது உன் பாடு என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இன்னொரு சீஷனான பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவன்தான், மனங்கசந்து அழுதவன்தான். யோவான் 18:18இல் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு நின்றவன், 21:9இல் மறுபடி ஒரு கரிநெருப்பின் அருகே இயேசுவிடம் வருகிறான். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி. இருவருக்கும் துக்கம் இருந்தது. ஒருவன் திரும்பிப் போகும் முகவரியில்தான் வித்தியாசம். இதைப் படிக்கும் உங்களுக்கே குற்றவுணர்வு தாங்க முடியாமல் நெஞ்சை அழுத்தினால், அதோடு தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே போய்ப் பேசுங்கள்.

லூக்கா 15இல் உள்ள கெட்ட குமாரன் கதை, சொத்தில் தன் பங்கை வாங்கி அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும் மகனின் கதை, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். 18, 19ஆம் வசனங்களில் அவன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். கடைசி வரி, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது. 21இல் உண்மையாகவே பேசும்போது அந்த வரி இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரைக் கூப்பிட்டுச் செருப்பு கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

5. தேவனே மனஸ்தாபப்படுவாரா?

செய்வேன் என்று சொன்ன தீங்கைக் குறித்துத் தேவன் மனஸ்தாபப்பட்டு அதைச் செய்யாமல் விட்டார் என்று யோனா 3:10 முடிகிறது. அதைக் கடந்தவுடன் இந்தக் கேள்வி வரும். 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் இன்னும் முடிச்சுப் போடும்: 11ஆம் வசனத்தில் சவுலை ராஜாவாக்கியது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்கிறார், 29ஆம் வசனமோ, மனம் மாற அவர் மனுஷன் அல்ல என்கிறது. ஒரே அதிகாரம்! எழுதியவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

எரேமியா 18:7–10ஐப் படித்தால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கும். குயவன் வீட்டுக் காட்சிக்கு அடுத்தது அது. அழிப்பேன் என்று நான் சொன்ன ஜாதி திரும்பினால் நானும் விடுவேன். கட்டுவேன் என்று சொன்ன ஜாதி பொல்லாப்புச் செய்தால் அதையும் விடுவேன். எச்சரிக்கை எதற்கென்றால் அது பலிக்காமல் போவதற்காக. இதற்குமேல் இறையியல் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள்; முதல் வாரத்திலேயே தீர்த்துவிட முயலாதீர்கள்.

6. நோட்டிலிருந்து கைக்கு

லூக்கா 3:10–14ஐ எடுங்கள். மனந்திரும்பச் சொல்லிப் பிரசங்கித்த யோவான் ஸ்நானனிடம் வந்தவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நாங்கள் என்ன செய்யவேண்டும்? ஜனங்களுக்குப் பதில்: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்கு: விதித்ததற்கு மேல் வசூலிக்காதே. போர்ச்சேவகருக்கு: யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு. யாரையும் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. நீங்கள் கடைக்காரராய் இருந்தால் உங்களுக்கு என்ன சொல்லியிருப்பார்? அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தால்? ஒரே ஒரு வரி எழுதுங்கள். பொத்தாம் பொதுவாக எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பேரும் தொகையும் இருந்தால்தான் அது வரி. லூக்கா 19:8இல் ஆயக்காரர் தலைவனான சகேயு அப்படித்தான் பேசுகிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்.

சபைகளில் இதற்கென்று வழக்கங்கள் உண்டு. கத்தோலிக்கர் குருவிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறுவார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள். சங்கீதம் 51ஐ எல்லோருமே பயன்படுத்துகிறார்கள். தனியாக ஜெபிக்கத் தெரியவில்லை என்றால் அதையே வாசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'தேவன் பொறுமையாய் இருக்கிறார், நீயும் பொறு' என்று அடி வாங்கும் பெண்ணிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வேதம் பேசும் பொறுமை, தீங்கு செய்கிறவன் அதை நிறுத்தித் திரும்புவதற்குத் தரப்படும் அவகாசம். அடிபடுகிறவர் அங்கேயே இருந்து அடிபட வேண்டும் என்ற சட்டத்தை அதிலிருந்து எடுக்க முடியாது.

7. நிருபங்களிலிருந்து (சபைகளுக்கு எழுதிய கடிதங்கள்) இரண்டு வசனங்கள், ஒரு கூட்டல் கணக்கு

2 பேதுரு 3:9: கர்த்தர் தாமதிக்கிறார் என்று சிலர் எண்ணுகிறார்கள், அவரோ ஒருவரும் கெட்டுப்போகாதபடிக்கு நீடிய பொறுமையாய் இருக்கிறார். ரோமர் 2:4: அந்தத் தயவு உன்னைக் குணப்படும்படி ஏவுகிறது, அதை அசட்டைபண்ணாதே. முதல் வசனம் பொறுமை இழந்தவருக்கு, இரண்டாவது அதைச் சாக்காக எடுத்துக்கொண்டவருக்கு.

கணக்கு பிடிக்கும் என்றால் ஆதியாகமம் 5ஐத் திறங்கள். மெத்தூசலா லாமேக்கைப் பெற்றபோது வயது 187. லாமேக்கு நோவாவைப் பெற்றபோது 182. ஜலப்பிரளயம் வந்தது நோவாவின் 600ஆம் வயதில். கூட்டினால் 969, மெத்தூசலாவின் ஆயுள் அதுவே. வேதத்தில் மிக அதிக வயது வாழ்ந்த மனிதன் கண்மூடிய வருஷத்தில்தான் வெள்ளம் வருகிறது. நோவாவின் நாட்களில் தேவனுடைய நீடிய பொறுமை காத்திருந்தது என்று 1 பேதுரு 3:20 எழுதுவதை இதனோடு சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். இதை வைத்துப் பெரிய சித்தாந்தம் கட்ட வேண்டாம்.

8. கடைசி மாலை: அத்திமரம்

லூக்கா 13:1–9. முதலில் இரண்டு துர்ச்செய்திகள்: பிலாத்து கொன்ற கலிலேயர், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்கிறார் இயேசு, பட்டென்று. விபத்தில் செத்தவன் வீட்டில் போய்ப் பாவக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். ஆனால் அதோடு விடவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களையும் மனந்திரும்பச் சொல்கிறார். அதன் பிறகுதான் உவமை.

திராட்சத்தோட்டத்தில் ஓர் அத்திமரம். சொந்தக்காரர் மூன்று வருஷமாய் வந்து பார்க்கிறார், ஒரு பழம் இல்லை. வெட்டிப்போடு, இது நிலத்தைக் கெடுப்பானேன் என்கிறார். தோட்டக்காரன் சொல்கிறான்: ஐயா, இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன். அவனுடைய வினைச்சொற்களைக் கோடிடுங்கள். கொத்துவேன், போடுவேன். மண்வெட்டி, சாணி, வியர்வை. காத்திருக்கும் ஒரு வருஷம் முழுக்க அவனுக்கு வேலை இருக்கிறது. அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு நான் கடைசியில் கொடுத்த பதிலும் இதுதான்: கண்டுக்காம விடுறவன் கையில் எரு இருக்காது.

அடுத்த வருஷம் மரம் காய்த்ததா? லூக்கா எழுதவில்லை. 10ஆம் வசனத்தில் ஓய்வுநாள். இயேசு ஜெபஆலயத்தில் போதித்துக்கொண்டிருக்கிறார். நிமிர முடியாத கூனியாய் ஒரு பெண் அங்கே வந்திருக்கிறாள். எத்தனை வருஷமாய் என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து மேலே படியுங்கள்.